புல்லட் 350: கேம் மாற்றியபின் கார்புரேட்டரில் வெடிச்சத்தம்

காஸ்ட் அயர்ன் (பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்) புல்லட் பைக்கில், வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேமும் மாற்றியதிலிருந்து கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது, இழுவையும் இல்லை என்கிறீர்கள். கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் அளவிடும் சிறு துளை) தொடாதீர்கள் நண்பரே, கேம் கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கும் என்றே படுகிறது.

முதலில் புஷ்ராடுகளை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் தண்டுகள்) தளர்த்துங்கள், இல்லாவிட்டால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் மறுபடி தாண்டிவிடும் (நான் பட்டது!). பினியனிலும் (கிராங்க் தண்டிலுள்ள சிறு கியர்) கேம் கியர்களிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் வரவேண்டும். அப்புறம் எஞ்சின் குளிர்ந்த நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழலணும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

சரிபார்க்க, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்திருக்க வேண்டும். பாயின்ட் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) புதிதாக வையுங்கள், அதுவும் நகர்ந்திருக்கலாம்.