ஆடு, மாடு தெரியாமல் அங்கே அதிகாரி ஆகலாமா?

கேள்வி: பதினான்கு வருடமாக ஸ்காட்லாந்தில், இன்வர்னஸில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை. இங்குள்ள கிராஃப்டிங் கமிஷனில் மூத்த நிர்வாகப் பதவிக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் பார்த்தேன். சிறு விவசாயிகளின் நிலத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பாம். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். எனக்கோ விவசாயம் சுத்தமாகத் தெரியாது. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார் வீட்டுக்காரர். விண்ணப்பிக்கலாமா? – ஒரு வாசகி, இன்வர்னஸ்

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆடு மாடு தெரிந்தவர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. அவர்கள் தேடுவது வேறு ஆளை.

முதலில் ஒரு விஷயம். கிராஃப்ட் என்றதும் மலையடிவாரத்தில் வெள்ளையடித்த சின்ன வீடுதான் நம் நினைவுக்கு வரும். சட்டத்தின் கண்ணில் கிராஃப்ட் என்பது நிலம். அதில் வீடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "நாலு பக்கமும் சட்டத்தால் வேலி போட்ட துண்டு நிலம்" என்று அங்குள்ளவர்களே கிண்டலடிப்பார்கள். அந்த வேலிக்குக் காவல்தான் கமிஷன்.

வேலி வந்த கதை நம் ஊர்க் கதை மாதிரிதான். 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதியில், மேய்ச்சல் நிலத்துக்காக வாடகையை நிறுத்திய குடியானவர்களுக்கும் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசுக்கும் கைகலப்பு நடந்தது. நாலு வருடம் கழித்து 1886இல் சட்டம் வந்தது: வாடகை கட்டி நிபந்தனைகளை மதிக்கிற வரை குடியானவரை வெளியேற்ற முடியாது, வாடகை நியாயமாக இருக்க வேண்டும், உரிமை வாரிசுக்குப் போகும். முதல் கமிஷனும் அப்போது வந்ததுதான். இடையில் அது மறைந்து, 1955 சட்டத்தில் மறுபடி உருவானது. நம் பக்கத்தில் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1955இல்தான். நேர்முகத் தேர்வில் தாத்தாவைப் பற்றி ஒரு வரி சொல்லலாம். இரண்டாவது வரி வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். கிராஃப்ட் வைத்திருப்பவர் அதிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசாகக் கெட விடக்கூடாது, பயிரிடவோ வேறு உருப்படியான காரியத்துக்கோ பயன்படுத்த வேண்டும். செய்கிறாரா என்று கேட்டு வருடா வருடம் படிவம் போகும். குத்தகையை இன்னொருவருக்கு மாற்ற, உள்குத்தகைக்கு விட, வீடு கட்டும் மனையை கிராஃப்ட் கணக்கிலிருந்து நீக்க, எல்லாவற்றுக்கும் கமிஷனிடம்தான் வர வேண்டும்.

இப்போது உங்கள் மேஜையில் ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலமாகிவிட்டார், கிராஃப்ட் மகன் பெயருக்கு வந்திருக்கிறது. மகன் இருப்பது கிளாஸ்கோவில், வருடத்துக்கு இரண்டு வாரம் வந்து போகிறார். நிலமெல்லாம் கோரைப்புல். பக்கத்து ஊரில் ஒரு இளம் தம்பதி நிலம் கிடைக்காமல் அலைகிறார்கள். மகனுக்கு அது அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்து மண். "நீங்கள் இங்கே வந்து குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று கடிதம் போக வேண்டும். அதை மரியாதையாக, சட்டம் பிசகாமல், தேதி தவறாமல் அனுப்ப வைப்பதுதான் உங்கள் வேலை. முடிவு பிடிக்கவில்லை என்றால் அவர் ஸ்காட்டிஷ் நில நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே உங்கள் கோப்பின் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிப் பழகிய கை உங்களுடையது என்றால், இதில் பாதி உங்களுக்கு இப்போதே தெரியும்.

தெரியாத பாதி, மேலே இருப்பவர்கள். கமிஷனர்களில் ஆறு பேரை கிராஃப்டர்களே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று பேர் வரை அரசு நியமிக்கலாம். கொள்கை அவர்களுடையது. அன்றாட நிர்வாகமும் பணக்கணக்கும் தலைமை நிர்வாகியின் பொறுப்பு. காகிதத்தில் கோடு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட்ட ஆள் சந்தையில் கையைப் பிடித்து "என் விண்ணப்பம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் கமிஷனர் என்ன செய்வார்? அலுவலகத்துக்குத்தான் போன் போடுவார். 2021இல் ஸ்காட்லாந்தின் தலைமைத் தணிக்கையாளர் இந்தக் கமிஷனைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். யார் எதை முடிவு செய்வது என்பது குழம்பிப்போய், தலைமைக்குள் நம்பிக்கை குலைந்திருந்தது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு நிறையத் திருத்தினார்கள். ஆனாலும் அந்த அறிக்கையை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். விளம்பரத்தை விட அது அதிகம் சொல்லும்.

நானும் ஒரு வாரியத்தில் மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். தலைவர் தினமும் காலை ஒன்பதரைக்கு போன் செய்து கோப்பு எண் சொல்லிக் கேட்பார். முதல் மாதம் பெருமையாக இருந்தது. ஆறாவது மாதம் அந்தக் கோப்புகளில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது, அவர் பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை. அதனால் நேர்முகத்தில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே, அப்போது இதைக் கேளுங்கள்: "ஒரு கமிஷனர் தனிப்பட்ட விண்ணப்பம் ஒன்றைப் பற்றி ஊழியரிடம் நேரடியாக விசாரித்தால், இங்கே என்ன வழக்கம்?" பதிலைக் காட்டிலும், பதில் வருவதற்குள் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்.

அப்புறம், ஆகஸ்டில் லெய்ர்க்கில் ஆட்டுச் சந்தை கூடும். ஒரு நாள் போய் சும்மா நின்று பேச்சைக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அப்படிப் போன இடத்தில் அவருக்கு ஒரு கிராஃப்ட் வாங்கும் ஆசை வந்துவிட்டால், வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.