சூப்பர் நின்டெண்டோ மினி: அந்த 21 கேம்கள் பற்றிக் கேளுங்கள்

நின்டெண்டோ தன் பழைய சூப்பர் நின்டெண்டோ கருவியை, 21 கேம்களை உள்ளேயே வைத்து, டிவியில் இணைத்து ஆடும் சின்னப் பெட்டியாக மறுபடி வெளியிட்டது. அதுதான் இந்த மினி.

கேள்வி: இதற்கு முந்தைய வருஷம் வந்த என்இஎஸ் மினியில் (சூப்பர் நின்டெண்டோவுக்கு முந்தைய நின்டெண்டோ கருவியின் சின்ன வடிவம்) 30 கேம் இருந்தது. இதில் ஏன் 21 மட்டும்?

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். என்இஎஸ் மினியில் பல கேம்கள் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். 2017 செப்டம்பரில் வந்த இந்தப் பெட்டியில் செல்டா, சூப்பர் மெட்ராய்டு, யோஷீஸ் ஐலண்ட் மூன்றையும் முடிக்கவே உங்களுக்குப் பல வாரம் ஆகும். ஒப்புக்குச் சேர்த்தது என்றால் கிர்பீஸ் ட்ரீம் கோர்ஸ் ஒன்றைத்தான் சொல்வேன்.

கேள்வி: அண்ணா, சின்ன வயதில் டிவி கேம் கேசட்டில் ஆடிய கான்ட்ரா இதில் இருக்கிறதா?

பதில்: அதே கான்ட்ரா இல்லை தம்பி. அது 8 பிட், அதாவது பழைய என்இஎஸ் காலத்தது. இதில் இருப்பது கான்ட்ரா 3. முதல் கட்டத்திலேயே டாங்கிக்குள் ஏறி ஓட்டலாம். இரண்டு துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுடலாம். பெட்டியிலேயே இரண்டு கன்ட்ரோலர் வருகிறது; அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 3 என்று போட்டிருக்கிறது. நான் போனில் ஆடிய மூன்றாம் பாகத்தின் கதையே வேறு!

பதில்: இது உண்மையில் ஆறாம் பாகம். ஜப்பானில் வந்த 2, 3, 5 அப்போது அமெரிக்காவுக்குப் போகவில்லை. அதனால் நான்காம் பாகத்தை 2 என்றும், 1994இல் ஆறாவதை 3 என்றும் அங்கே விற்றார்கள். மினியில் இருப்பது அந்த அமெரிக்கப் பதிப்பு.

கேள்வி: ஸ்டார் ஃபாக்ஸ் 2 பூட்டியே இருக்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. முதல் ஸ்டார் ஃபாக்ஸில் முதல் கட்டத்தை முடித்தால் திறந்துவிடும். இந்தப் பெட்டியை நான் வாங்கியதே இதற்காகத்தான். 1995 வாக்கில் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட கேம் இது. அதற்குள் போட்டிக் கருவிகளான பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் முப்பரிமாணத்தில் வெகுதூரம் போய்விட்டன, நின்டெண்டோவின் சொந்த அடுத்த கருவியான நின்டெண்டோ 64உம் வரவிருந்தது. வெளியிடாமல் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 22 வருஷம் கழித்து, முறையாக முதன்முதலில் வெளிவந்தது இந்த மினியில்தான்.

முதல் பாகம் மாதிரி நேராகப் பறந்துகொண்டே போவது இல்லை. ஆறு விமானிகளில் இருவரைத் தேர்ந்தெடுப்பீர்கள். வரைபடத்தில் எதிரியின் ஏவுகணைகள் கார்னீரியா கிரகத்தை நோக்கி நகரும். நீங்கள் ஒரு இடத்தில் சண்டை போடும்போதும் அவை நிற்காது. கிரகத்தின் சேதம் 100 சதவீதம் ஆனால் தோல்வி. எதை முதலில் தடுப்பது என்ற அந்தத் தவிப்பு இருக்கிறதே, அதுதான் இந்த கேமே. விமானம் கால் முளைத்து நடக்கவும் செய்யும். படம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நார்மலில் சீக்கிரம் முடிந்துவிடும்; ஹார்டில் ஆடினால்தான் முழுசாகத் தெரியும்.

கேள்வி: குரோனோ டிரிக்கர் உண்டா?

பதில்: இல்லை. எனக்கு ஆறாத குறை அது. அதைச் செய்த ஸ்கொயர் நிறுவனத்தின் கேம்களில் ஃபைனல் ஃபேன்டஸி, சீக்ரெட் ஆஃப் மானா, சூப்பர் மரியோ ஆர்பிஜி மூன்று மட்டும்தான்.

கேள்வி: ஜப்பான் பதிப்பு வாங்கலாமா?

பதில்: ஐந்து கேம்கள் மாறும். எர்த்பவுண்ட், சூப்பர் காசில்வேனியா 4 போய்விடும். ஃபயர் எம்பளம், பானல் டி பான் போன்றவை வரும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டால் ஃபயர் எம்பளம் ஆடுவது கஷ்டம்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு எதில் ஆரம்பிக்க?

பதில்: கிர்பி சூப்பர் ஸ்டார். நீங்கள் இரண்டாவது கன்ட்ரோலரில் உதவியாளாகச் சேர்ந்துகொள்ளலாம். சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். கடைசி வரை போனாலும் திரும்ப முதலிலிருந்து ஆடச் சொல்லும். அப்புறம், கடினமான இடம் வந்தால் பெட்டியில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்தி, அந்த நிலையைச் சேமித்துவிடுங்கள். ஒரு கேமுக்கு நான்கு இடம் உண்டு, அங்கிருந்து பின்னோக்கி ஓட்டி, விழுந்த இடத்துக்கு முன்னாலிருந்து மறுபடி ஆடலாம்.