டெண்டரில் உள்ளூர்த் தையலுக்கு முன்னுரிமை உண்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சின்னதாகத் தையல் கூடம் நடத்துகிறோம். கான்டி சூட் (தொழிலாளர் போடும் மேல்சட்டை, கால்சட்டை ஜோடி), ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் எல்லாம் தைக்கிறோம். மாநகராட்சி டெண்டரில் இறக்குமதிச் சரக்கின் விலைக்கு இறங்கிவர முடியவில்லை. உள்நாட்டுச் சரக்கைத்தான் வாங்க வேண்டும் என்று விதி இல்லையா?

பதில்: இருந்தது. உடை, துணி, தோல், காலணி நூறு சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2017 விதிகளின்கீழ் நடந்தது. அந்த விதிகள் செல்லாது என்பதை அரசியல் சாசன நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்தது. 2023 ஜனவரி 16இல் வந்த புதிய விதிகளில் கட்டாயம் இல்லை. அந்தந்த அலுவலகம் தன் கொள்முதல் கொள்கையில் வைத்தால்தான் உண்டு. 2024 ஜூலையில் கையெழுத்தான புதிய கொள்முதல் சட்டம் உள்நாட்டு உற்பத்தியைப் பற்றிப் பேசுகிறது. ஆனாலும் உங்கள் டெண்டர் எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கையில் இருப்பது புள்ளிகள். 5 கோடி ராண்ட் வரையான டெண்டரில் விலைக்கு 80, குறிப்பிட்ட இலக்குகளுக்கு (கறுப்பினத்தவர் உடைமை போல, அலுவலகம் ஊக்குவிக்க நினைப்பவை) 20. எதிராளி 100 ராண்ட், நீங்கள் 120 ராண்ட் என்று வையுங்கள். அவருக்கு விலையில் முழு 80, உங்களுக்கு 64. இலக்குப் புள்ளி இருபதும் உங்களுக்கு வந்து, அவருக்கு ஒன்றும் வராவிட்டால் நீங்கள் 84. இருபது ராண்ட் கூடக் கேட்டும் ஜெயிக்கிறீர்கள்!

அந்த இருபது தானாக வராது. நகராட்சி டெண்டரில் எம்பிடி 6.1 படிவத்தில் எந்த இலக்குக்கு எத்தனை புள்ளி என்று அட்டவணை இருக்கும். அதில் உங்கள் புள்ளியை நீங்களே எழுதிக் கோரி, சான்றும் இணைக்க வேண்டும். பலர் விலைப் பக்கத்தோடு மல்லுக்கட்டிவிட்டு இதைக் காலியாக விடுகிறார்கள். படிவம் தள்ளுபடி ஆகாது, புள்ளிதான் போகும். கறுப்பினத்தவர் உடைமைக்குப் புள்ளி இருந்தால், பிறப்பாலோ வம்சாவழியாலோ குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் அதில் அடக்கம். ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்குள் இருந்தால் இந்த உடைமையைச் சரிபார்த்துத் தரும் ஏஜென்சியின் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். பிரமாணப் பத்திரம் போதும். போலீஸ் நிலையத்திலேயே கையெழுத்து வாங்கலாம்.

அப்புறம் ஒன்று. நிறுவனமோ இயக்குநரோ மாநகராட்சிக்கு வரி, தண்ணீர்க் கட்டணம் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தால், அதைக் காட்டியே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். முதலில் பில்லைப் பாருங்கள்.