ஜூலையில் லே: எந்தப் பக்கம் ஏறுவது?

கேள்வி: ஜூலை நடுவில் குடும்பத்தோடு காரில் லடாக்கில் உள்ள லே போகிறோம். மழைக்காலத்தில் இமயமலைப் பக்கமே போகாதே என்கிறார்கள். தள்ளிப்போடலாமா? போவதென்றால் மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். ஆனால் ஏறுவது ஸ்ரீநகர் வழியாக இருக்கட்டும்.

இமயமலை ஒற்றைச் சுவர் இல்லை. தெற்கே சிவாலிக் குன்றுகள், அப்புறம் தௌலாதார், பீர் பஞ்சால், அதற்கும் வடக்கே பெரிய இமயம் என்று வரிசை வரிசையாக நிற்கிறது. பருவமழை மேகம் ஒவ்வொரு வரிசையிலும் ஏறி, குளிர்ந்து, கொட்டித் தீர்க்கிறது. லே போய்ச் சேரும்போது அதில் ஈரமே மிச்சமில்லை. அங்கே ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 100 மி.மீ.தான்.

மணாலியைத் தாண்டி, பீர் பஞ்சாலைக் குடைந்து போகும் அடல் சுரங்கப்பாதையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீளம் 9 கி.மீ. தெற்கு வாயிலில் வைப்பர் நிற்காமல் ஓடும், தேவதாரு மரங்கள் சொட்டச் சொட்ட நிற்கும். கால் மணி நேரத்தில் வடக்கே வெளிவந்தால், பல நாட்களில் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எதிரே காய்ந்த பழுப்புச் சரிவு.

ஆக, பயப்பட வேண்டிய இடம் லே இல்லை, சுரங்கத்துக்கு முந்தைய மண்டி–மணாலி சாலை. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கோ பீர் பஞ்சாலின் மறைவில் இருப்பதால் அங்கே பருவமழை குறைவு. ஸ்ரீநகர்–லே சாலையில் வரும் ஜோஜி லாவில் மட்டும் மழை பெய்த மறுநாள் மண் சரியலாம், விசாரித்துவிட்டு ஏறுங்கள். ('லா' என்றாலே கணவாய்தான்.)

மழையை விட எனக்குக் கவலை, நீங்கள் இரவு தூங்கும் உயரம். மணாலி வழியில் பலரும் தங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர், லேயோ 3,500தான். உடம்பு பழகும் முன்பே அவ்வளவு உயரத்தில் படுத்தால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். ஸ்ரீநகர் வழியில் கார்கில் சுமார் 2,700 மீட்டர். அங்கே ஓர் இரவு தங்கி லே போகலாம். லேயிலும் இரண்டு நாள் சும்மா இருங்கள், அதைவிட உயரமான கர்துங் லா அப்புறம்.

பெய்யாத ஊர் என்று ஓடைக்கரையில் கூடாரம் போடாதீர்கள். 2010 ஆகஸ்டில் லேயில் மேகம் வெடித்துப் பலர் இறந்தார்கள். மரமில்லாத சரிவில் தண்ணீரைத் தடுக்க எதுவுமில்லை.

திரும்புவது மணாலி வழியாக என்றால், கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும், காலையிலேயே தாண்டிவிடுங்கள்.