ரீல்ஸ் 200 பார்வையைத் தாண்டவில்லை, விளம்பரத்துக்குப் பணமும் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: வில்லிவாக்கத்தில் வீட்டு மாடியிலேயே ஆரி வேலை ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. 640 பேர் பின்தொடர்கிறார்கள். பின்டரஸ்ட்டில் பார்த்த டிசைன்கள், தைத்து முடித்த ப்ளவுஸ், பண்டிகை வாழ்த்து என்று தினமும் ஏதாவது போடுகிறேன். எந்த ரீலும் 200 பார்வையைத் தாண்டவில்லை. 3,000 ரூபாய் கொடுத்தால் 10,000 ஃபாலோயர்ஸ் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் ஒரு ரீல் போட்டால் அதை முதலில் பார்க்க வாய்ப்புள்ளவர்களில் உங்கள் ஃபாலோயர்ஸும் இருக்கிறார்கள். அவர்கள் நின்று பார்த்தால் அது அடுத்தவர்களுக்குப் போகும் வாய்ப்பு கூடும். விலைக்கு வாங்கிய 10,000 கணக்குகளில் ஆளே இருக்காது, அதனால் யாரும் நின்று பார்க்கப் போவதும் இல்லை. ‘இது யாருக்கும் பிடிக்கவில்லை’ என்ற செய்தியைத்தான் நீங்கள் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் அவ்வப்போது நீக்கவும் செய்கிறது.

சரி, எதை வைத்துத்தான் ஒரு ரீல் நாலு பேரிடம் போகிறது? இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் இதற்கு வெளிப்படையாகவே பதில் சொன்னார். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியம் என்றார். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் சேர லைக் கூடுதலாக உதவுகிறது. முன்பின் தெரியாதவர்களிடம் போக, அனுப்புவதுதான் கூடுதலாக உதவுகிறது.

உங்களுக்கு வேண்டியவர்கள் அந்த முன்பின் தெரியாதவர்கள்தான். ஆகவே ரீல் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இதை யார், யாருக்கு அனுப்புவார்கள்? முடித்த ப்ளவுஸைத் திருப்பித் திருப்பிக் காட்டும் வீடியோவுக்கு ‘சூப்பர்’ என்று ஒரு லைக் விழும், அத்தோடு சரி. ‘அகலமான காஞ்சிபுரம் பார்டருக்கு முழங்கை வரை கை வைத்தால் பார்டர் எங்கே வரும்?’ என்று புடவையை விரித்து வைத்துக் காட்டுங்கள். அதைக் கல்யாணப் பெண்ணின் அக்கா தங்கைக்கு அனுப்புவாள். அம்மா பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பி, ‘உனக்கு இப்படியே தைக்கலாமா?’ என்று கேட்பார்.

இப்படிப்பட்ட விஷயங்கள் உங்கள் மாடியில் தினமும் நடக்கின்றன. என் சித்தி பெரம்பூரில் பல வருடம் ஜாக்கெட் தைத்தவர். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ‘அளவு ஜாக்கெட் கொடுத்தும் ஏன் இறுக்குகிறது?’ ‘கல்யாணத்துக்குள் இளைத்துவிட்டால் என்ன செய்வது?’ இன்றும் அதே கேள்விகள்தான். பக்கத் தையலில் துணி விட்டுத் தைப்பதை விரலால் தொட்டுக் காட்டுங்கள், 30 விநாடி போதும். ஒரு கழுத்துக்கு ஒரு விலை, அதே மாதிரி தெரியும் இன்னொரு கழுத்துக்கு ஏன் மூன்று மடங்கு? இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதில் எத்தனை மணி நேரக் கைவேலை என்று சொல்லுங்கள். ஆரி ப்ளவுஸை மெஷினில் போடக் கூடாது, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும், ஜரி மேல் சென்ட் படக் கூடாது. இவையெல்லாம் உங்களுக்குச் சாதாரணம். முதல் முறை தைக்கக் கொடுப்பவருக்கு அப்படி இல்லை. ‘இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று சேமித்தும் வைப்பார்.

பின்டரஸ்ட் படங்களை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுத்தவர் படைப்பை எடுத்துப் போடும் கணக்குகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக 2024 ஏப்ரலிலேயே இன்ஸ்டாகிராம் அறிவித்துவிட்டது. வேறு ஆப்பின் முத்திரை தெரியும் வீடியோவுக்கும் அதே கதிதான். செட்டிங்ஸில் அக்கவுன்ட் ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் பதிவுகள் பரிந்துரைக்குத் தகுதி பெற்றிருக்கின்றனவா என்று அங்கே பார்த்துவிடலாம். முதலில் அதைப் பாருங்கள். ரெடிமேட் பண்டிகை வாழ்த்துகளையும் விட்டுவிடுங்கள், அவற்றால் ஒரு ஆர்டரும் வராது.

பிசினஸ் கணக்கில் சினிமா பாட்டு கிடைக்கவில்லை என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். பெரும்பாலான பாடல்களுக்கு வியாபார உரிமம் இல்லாததுதான் காரணம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உங்கள் குரலிலேயே, கடைக்கு வந்தவரிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள். முதல் மூன்று விநாடிக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். ‘வணக்கம், வெல்கம் டு அவர் பேஜ்’ என்று தொடங்கினால் அதற்குள் விரல் தள்ளிவிடும். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் இரண்டு வரி எழுதுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு ஒரு லட்சம் பார்வை தேவையே இல்லை. துணியைக் கொண்டுவந்து அளவு கொடுக்க வேண்டிய தொழில் இது. டெல்லியில் 50,000 பேர் பார்ப்பதைவிட கொளத்தூர், பாடி, அயனாவரம், அண்ணா நகரில் 500 பேர் பார்ப்பதே மேல். அதனால் ஒவ்வொரு பதிவிலும் லொகேஷன் போடுங்கள். ப்ரொஃபைலில் பெயர் எழுதும் இடத்தில் கடைப் பெயரோடு ‘ஆரி ப்ளவுஸ், வில்லிவாக்கம்’ என்று சேருங்கள். தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள். 2025 ஜூலையிலிருந்து பிசினஸ் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. படத்தின் கீழே ‘புது வரவு’ என்று மட்டும் எழுதாமல் என்ன துணி, என்ன வேலை, எந்த ஏரியா என்று முழுதாக எழுத இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பகுதியில் மணப்பெண் மேக்கப் போடுபவர், மெஹந்தி வைப்பவர் இருப்பார்கள். நீங்கள் தேடும் அதே வாடிக்கையாளர்தான் அவர்களுக்கும். ஒரே கல்யாணத்தில் வேலை செய்தால் கொலாப் போஸ்ட் போடுங்கள். ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் வரும். மணப்பெண்ணிடம் அனுமதி கேட்காமல் மட்டும் படம் போடாதீர்கள். முகம் வேண்டாம் என்றால் முதுகுப் பக்க டிசைனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

காலமும் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான ப்ளவுஸ் அப்போதுதான் தைக்கக் கொடுக்கப்படுகிறது. ஆடித் தள்ளுபடியில் தி. நகர் போய்ப் புடவை எடுத்து வந்தவர்கள் அடுத்து டெய்லரைத்தான் தேடுவார்கள். மார்கழியும் அப்படியே, தைக்காகத் தைக்கும் மாதம். அந்த இரண்டு மாதங்களில் வாரம் நாலு ரீல் போடுங்கள். மற்ற நாட்களில் வாரம் இரண்டு போதும். தினமும் போட்டு நீங்கள் களைத்துப்போவதில் பயன் இல்லை.

இன்ஸ்டாகிராமோடு நின்றுவிடவும் வேண்டாம். உங்களைப் போன்ற ஏரியாக் கடைக்கு கூகுள் மேப்பில் பதிவு செய்வது அதைவிடப் பெரிய பலம் என்பது என் எண்ணம். செலவும் இல்லை. ‘பக்கத்தில் ஆரி ப்ளவுஸ்’ என்று ஒருவர் தேடினால், தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் பார்த்து கூகுள் வரிசைப்படுத்துகிறது. டெலிவரி எடுக்க வந்தவர் கண்ணாடி முன் நின்று சிரிக்கும்போதே ரிவ்யூ கேளுங்கள். அதற்குத் தள்ளுபடி தராதீர்கள், கூகுள் விதிப்படி அது தவறு.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக பிராட்காஸ்ட் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. ப்ளவுஸைக் கையில் கொடுக்கும்போது ‘நம்பரை சேவ் பண்ணிக்கங்க, அடுத்த டிசைன் ஸ்டேட்டஸில் வரும்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள். இன்ஸ்டாகிராம் காட்டும் ‘இன்சைட்ஸ்’ கணக்கில் லைக் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஷேர் எத்தனை, ஃபாலோயர் அல்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்று மட்டும் கவனியுங்கள். எந்த ரீலை அதிகம் பேர் அனுப்பினார்களோ அதே கேள்வியை வேறு புடவை வைத்து மறுபடி எடுங்கள். ஆர்டர் நோட்டில் ‘எப்படித் தெரிந்து வந்தார்’ என்று ஒரு கட்டம் போட்டு, அளவு எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த 3,000 ரூபாயில் கொஞ்சத்தை எடுத்து ஒரு போன் ஸ்டாண்டும் ஒரு லைட்டும் வாங்கி ஆரி ஃபிரேமுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதே வீடியோ எடுத்துவிடலாம்.