கேள்விக்கு என்ன பதில்?

கேள்வி: சோவியத் தலைவர் ஸ்டாலினுக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா? சினிமாவில் காட்டுவதை நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மகன் பாதிரியாராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. 1894-ல் டிஃப்லிஸ் (இன்றைய திபிலீசி) நகரத்துக் குருமடத்தில் சேர்ந்தவர், 1899-ல் வெளியே வந்துவிட்டார். 1931-ல் மாஸ்கோவின் மீட்பர் பேராலயத்தை அவர் ஆட்சிதான் வெடி வைத்துத் தகர்த்தது. அதே மனிதர் 1943-ல், இரண்டாம் உலகப் போர் மும்முரத்தில், மூன்று பேராயர்களை ராத்திரியில் கிரெம்ளினுக்கு அழைத்து, திருச்சபைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி தந்தார். பக்தியா? சுத்தமான அரசியல் கணக்கு என்பேன்.

சினிமாவுக்கு வருவோம். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், பழைய ரஷ்ய மன்னர் இவானைப் பற்றி எடுத்த 'இவான் தி டெரிபிள்' படத்தின் இரண்டாம் பாகம் ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை. 1947-ல் இயக்குநரையும் நாயகன் செர்காசோவையும் நேரில் கூப்பிட்டுக் கண்டித்தார். ஜார் மன்னர் இவான் ஆட்களைக் கொன்றுவிட்டு உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருந்தாராம். கடவுள்தான் அவருக்குக் குறுக்கே நின்றாராம்! இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்பது ஸ்டாலினின் விமரிசனம். எந்தப் படத்தையும்விட இந்தப் பேச்சே அவரை நன்றாகக் காட்டுகிறது. படம் 1958-ல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் ஸ்டாலின், ஐசன்ஸ்டைன் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2017-ல் வந்த 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' நையாண்டிப் படம். அதில் இறுதிச் சடங்குக்குப் பேராயர்கள் வருவதைப் பார்த்து, பின்னாளில் சோவியத் தலைவரான குருஷ்சேவ் எரிச்சலடைவார். எரிச்சல் கற்பனையாக இருக்கலாம், ஆனால் திருச்சபைத் தலைவர் முதலாம் அலெக்சி அஞ்சலி செலுத்த நிஜமாகவே வந்தார்.