குழந்தைக்குக் குரங்குக் காய்ச்சல் பரிசோதனை: ஏன் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்?

கூடலூரில் இருக்கும் உங்கள் 7 வயது மகளுக்கு, காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் பார்த்த எலைசா என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். இப்போது மறுபடி ரத்தம் கேட்கிறார்கள், ஏன் என்கிறீர்கள்.

முதல் சில நாட்கள் வைரஸ் ரத்தத்திலேயே சுற்றும். அப்போது அதன் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர்தான் கைகொடுக்கும். எலைசா தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஐஜிஎம் புரதத்தை. அது பிடிபடச் சுமார் ஐந்து நாளாவது ஆகும். ஆகவே மூன்றாம் நாள் நெகட்டிவை நம்பி உட்கார முடியாது. காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். 'போன வாரம்' என்று மொட்டையாகச் சொன்னால் எந்தப் பரிசோதனை என்றே முடிவுசெய்ய முடியாது.

1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட இந்த நோய், உண்ணி கடித்துப் பரவுவது. பிள்ளை காட்டோரம் விளையாடியதா, அக்கம்பக்கத்தில் குரங்கு செத்துக் கிடந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதலில். ஸ்க்ரப் டைபஸுக்கு நல்ல மருந்து இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.